ஒற்றை இலை ஜெயித்தது எப்படி? கனடா கொடி, 1964

கனடா என்ற கூட்டாட்சி உருவானது 1867இல். அதற்கென்று சொந்தக் கொடி ஒன்று ஏறியது 1965 பிப்ரவரி 15 அன்று. நடுவில் 98 ஆண்டுகள். வரையத் தெரிந்த ஆள் கிடைக்காமல் இவ்வளவு காலம் ஓடிவிடவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வரைந்து அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். எந்தப் படத்தை எடுத்து வைத்தாலும் அதைப் பார்த்து முகம் சுளிக்க நாட்டில் ஒரு பெரிய கூட்டம் இருந்தது. அதுதான் சிக்கல்.

கடைசியில் வந்த கொடியைப் பிரதமர் கேட்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவரும் கேட்கவில்லை. பிரதமர் மூன்று இலையும் நீலக் கரையும் போட்ட வேறொரு கொடிக்காக வாதாடினார். எதிர்க்கட்சித் தலைவர் பழைய கொடியை இறக்கவே கூடாது என்றார். அப்படியிருக்க, இரண்டு சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு இலை போட்ட ஒரு வடிவம் நாடாளுமன்றக் குழுவில் 14க்கு 0 என்று எப்படித் தேறியது? குழுவில் நடந்த ஓட்டுக் கணக்கை மட்டும் காரணமாகச் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. அந்த வடிவத்திலிருந்து எதையெல்லாம் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தார்கள் என்று பார்த்தால்தான் முழுக்கதையும் பிடிபடும்.

பழைய கொடி

1965க்கு முன் கனடாவில் பறந்தது ரெட் என்சைன். அது அடிப்படையில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் கொடி: சிவப்புத் துணி, கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் ஜாக். மீதிச் சிவப்பில் கனடாக்காரர்கள் தங்கள் கேடயச் சின்னத்தை வைத்துக்கொண்டார்கள். கப்பல் கொடி மெல்லக் கரையேறியது. வெளிநாடுகளில் உள்ள கனடிய அரசுக் கட்டடங்களில் பறக்கவிட 1924இல் அமைச்சரவை ஆணை வந்தது. 1945இல் உள்நாட்டு அரசுக் கட்டடங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் 'இதுதான் நம் தேசியக் கொடி' என்று நாடாளுமன்றம் ஒருநாளும் தீர்மானம் போட்டதில்லை. தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கி அப்படியே நிலைத்துவிடும் விஷயங்கள் எல்லா நாட்டு அரசாங்கத்திலும் உண்டு போலிருக்கிறது.

மாற்ற முயலாமலும் இல்லை. மெக்கன்சி கிங் பிரதமராக இருந்தபோது 1925இல் ஒரு குழு கொடி வேலையைத் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மறுபடி ஒரு நாடாளுமன்றக் குழு. அதற்கு 2,695 வடிவங்கள் வந்தன. 1946இல் குழு சொன்ன தீர்வு: ரெட் என்சைன் இருக்கட்டும், கேடயத்துக்குப் பதிலாகத் தங்க நிற மேப்பிள் இலை போடலாம். யூனியன் ஜாக் மூலையில் இருக்கும்வரை பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்ததும் கிங் அதை வாக்கெடுப்புக்கே கொண்டுவராமல் கிடப்பில் போட்டார். கியூபெக் மாகாணம் காத்திருக்கவில்லை. 1948இல் நீலத்தில் வெள்ளைச் சிலுவையும் நான்கு அல்லிமலர்ச் சின்னங்களும் கொண்ட தன் கொடியை ஏற்றிக்கொண்டது.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே இரண்டு விஷயங்கள் மட்டும் சத்தமில்லாமல் தீர்ந்துபோயிருந்தன. ஒன்று நிறம். 1921இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கனடாவுக்கு அரசுச் சின்னம் வழங்கியபோது சிவப்பும் வெள்ளையும் நாட்டின் அதிகாரபூர்வ நிறங்களாயின. இன்னொன்று இலை. மேப்பிள் இலையை முதலில் அடையாளமாகத் தூக்கிப் பிடித்தவர்கள் ஆங்கிலேயர் இல்லை. 1834இல் கீழ்க் கனடாவில், அதாவது இன்றைய கியூபெக்கில், தொடங்கிய பிரெஞ்சுக்காரர்களின் சான்-ஜான்-பாப்டீஸ்ட் சங்கம்தான். பிறகு ஆங்கிலம் பேசுபவர்களும் அதைத் தங்கள் பாட்டிலும் சட்டையிலும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த கனடிய வீரர்களின் கல்லறைக் கற்களில் செதுக்கியிருப்பது மேப்பிள் இலையைத்தான். 1921 கேடயத்தின் அடிப்பகுதியிலும் மூன்று இலைகள் உண்டு. முதலில் அவை பச்சை, 1957இல் சிவப்பாக்கினார்கள்.

ஆக, சிவப்பு, வெள்ளை, இலை மூன்றும் 1964க்கு வெகு முன்பே கையில் இருந்தன. கூட வேறெதையும் வைக்காமல் நிறுத்திக்கொள்ளத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சூயஸில் பட்ட அடி

1964இல் பிரதமராக இருந்த லெஸ்டர் பியர்சனுக்குக் கொடி மேல் அக்கறை வந்ததற்கு 1956 ஒரு முக்கியக் காரணம். அப்போது அவர் வெளியுறவு அமைச்சர். எகிப்து சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்க, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படை நடத்தின. சண்டையை நிறுத்த ஐ.நா. அவசரப் படை ஒன்றை அனுப்பலாம் என்ற யோசனையைச் செயலாக்கியவர் பியர்சன். அதற்காக அடுத்த ஆண்டு அவருக்கு அமைதி நோபல் பரிசு கிடைத்தது. படைக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு கனடியத் தளபதிதான்.

ஆனால் கனடா தன் காலாட்படையை அனுப்பத் தயாரானபோது எகிப்து அதிபர் நாசரின் அரசு மறுத்தது. அனுப்ப இருந்த படையணியின் பெயர் குவீன்ஸ் ஓன் ரைஃபிள்ஸ், அதாவது பிரிட்டிஷ் அரசியின் துப்பாக்கிப் படை. சீருடை பிரிட்டிஷ் சீருடை மாதிரியே. கொடியின் மூலையில் யூனியன் ஜாக். பிரிட்டிஷ்காரனோடு சண்டை போட்டு முடித்த மண்ணில் இதைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எகிப்து கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் கனடா காலாட்படையை நிறுத்திவிட்டுத் தகவல்தொடர்பு, போக்குவரத்து, சரக்கு வழங்கல் போன்ற துணைப் பிரிவுகளைத்தான் அனுப்பியது. சமாதானம் பேசிய நாட்டின் கொடியே சமாதானத்துக்கு இடைஞ்சல் என்றால் அந்த அமைச்சருக்கு எப்படி இருந்திருக்கும்!

உள்நாட்டு நெருக்கடி அதைவிடப் பெரிது. 1960களில் கியூபெக் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. பள்ளியும் மருத்துவமனையும் தேவாலயத்தின் கையிலிருந்து மாகாண அரசின் கைக்குப் போயின. தனி நாடு கேட்கும் குரல்கள் எழுந்தன. 1963இல் பிரிவினைவாதிகளின் குண்டுகளும் வெடித்தன. நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய 30 சதவீதம் பிரெஞ்சு வம்சாவளியினர். அவர்களிடம் யூனியன் ஜாக்கைக் காட்டி 'இது உன் கொடி' என்று சொல்வது வேலைக்கு ஆகாது. 1963 தேர்தலில் பியர்சனின் லிபரல் கட்சி இரண்டு ஆண்டுக்குள் புதுக் கொடி என்று வாக்குறுதி கொடுத்து ஆட்சிக்கு வந்தது. வந்தது சிறுபான்மை அரசாக. 1967இல் கூட்டாட்சியின் நூற்றாண்டு விழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

வின்னிபெக் கூட்டம்

1964 மே 17 அன்று பியர்சன் வின்னிபெக் நகரில் ராயல் கனடியன் லீஜன் மாநாட்டுக்குப் போனார். முன்னாள் படைவீரர்களின் சங்கம் அது. ரெட் என்சைனின் கீழ் போருக்குப் போய்வந்தவர்கள். புதுக் கொடிக்கு நாட்டிலேயே கடுமையான எதிர்ப்பு எங்கே இருக்குமோ அந்தக் கூட்டத்திலேயே போய் அறிவித்தார். சீழ்க்கை, கூச்சல், கேலி எல்லாம் கிடைத்தது. அவரும் முதல் உலகப் போரில் பணியாற்றியவர்தான். அது அன்றைக்குப் பெரிதாக உதவவில்லை. அரசியல் ரீதியாக இது புத்திசாலித்தனமா என்று இன்றைக்கும் கேட்கலாம். ஆனால் ஒளித்துவைத்துக் கொண்டுவந்த கொடி என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாமல் போனது அந்த ஒரு நாளால்தான்.

பியர்சன் விரும்பிய வடிவம் சின்னவியல் ஓவியர் ஆலன் பெடோ வரைந்தது. வெள்ளை நடுவில் ஒரே காம்பில் சேர்ந்த மூன்று சிவப்பு மேப்பிள் இலைகள், இரு ஓரங்களிலும் நீலப் பட்டைகள். இலைகள் கேடயத்திலிருந்து வந்தவை. நீலம் இரண்டு கடல்களைக் குறிப்பது; கடல் தொடங்கிக் கடல் வரை என்பது கனடாவின் அரசுக் குறிக்கோள். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1921இல் முடிவான அதிகாரபூர்வ நிறங்களில் நீலம் கிடையாது. எதிரிகள் அதற்கு 'பியர்சன் பெனன்ட்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள், ஏதோ விளையாட்டுக் கழகத்தின் முக்கோணக் கொடி போல. பிரதமரின் பெயர் ஒட்டிக்கொண்ட அந்தக் கணமே அந்த வடிவத்தின் கதை பாதி முடிந்துவிட்டது என்பேன். தேசியக் கொடி என்பது ஒரு கட்சித் தலைவரின் சொத்தாகத் தெரிந்தால் மற்ற கட்சிக்காரன் எப்படிக் கை தூக்குவான்?

எதிர்ப்பக்கம் நின்றவர் ஜான் டீஃபன்பேக்கர், முன்னாள் பிரதமர், கன்சர்வேட்டிவ் தலைவர். அவருடைய தந்தைவழி ஜெர்மானிய வேர் கொண்டது. ஆனாலும் பிரிட்டிஷ் மரபுக்காக அவரைவிட உரக்கப் பேசியவர் இல்லை. நாட்டை உருவாக்கியவர்களின் அடையாளம் கொடியில் இருக்க வேண்டும், வேண்டுமானால் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துங்கள் என்றார். ஜூன் 15இல் நாடாளுமன்றத்தில் விவாதம் தொடங்கியது. கோடை முழுக்க அதே பேச்சு. கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து பேசிப் பேசியே நேரத்தைக் கரைத்தார்கள். செப்டம்பர் 10 அன்று விஷயத்தை 15 பேர் கொண்ட அனைத்துக் கட்சிக் குழுவிடம் தள்ளிவிட்டார்கள். ஆறு வார அவகாசம்.

நான்கு பக்கக் குறிப்பு

இந்த ரகளைக்கெல்லாம் முன்பே, 1964 மார்ச் 23 தேதியிட்டு, ஒரு வரலாற்றுப் பேராசிரியர் தட்டச்சு செய்த நான்கு பக்கக் குறிப்பு ஒன்று லிபரல் எம்.பி. ஜான் மேதிசனின் கைக்கு வந்திருந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஸ்டான்லி. கிங்ஸ்டன் ஊரில் உள்ள ராயல் மிலிட்டரி கல்லூரியில் கலைப்புல முதல்வர். கல்கரியில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். மேற்குக் கனடாவின் கிளர்ச்சிகளையும் பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டி இனத்தின் தலைவர் லூயி ரியலையும் ஆராய்ந்தவர். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், பூர்வகுடியினர் மோதிக்கொண்ட வரலாற்றையே தொழிலாகப் படித்த ஆள் என்பதால், எந்தச் சின்னம் யாருக்குச் சுருக்கென்று குத்தும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குறிப்பின் நடைமுறை அறிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் எதையெல்லாம் போடக்கூடாது என்பதை அவர் தெளிவாக்குகிறார். கொடி எளிமையாக இருக்க வேண்டும், பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும், மரபான நிறங்களையும் சின்னங்களையும் பயன்படுத்த வேண்டும், மக்களை ஒன்றுசேர்க்க வேண்டும். ஆகவே பிளவு உண்டாக்கும் இன, தேசச் சின்னங்கள் வேண்டாம். யூனியன் ஜாக் வேண்டாம், பிரெஞ்சு அல்லிமலரும் வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சமாதானம் செய்யலாமே என்ற வழக்கமான யோசனையை அவர் ஏற்கவில்லை. அப்படி வைத்தால் அளவு யாருக்குப் பெரிது, கம்பத்துப் பக்கம் யார், மேலே யார் என்று புதுச் சண்டை முளைக்கும். இந்த இரண்டிலும் சேராதவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கும். இந்தச் சண்டையும் கேள்வியும் என் விளக்கம். ஆனால் அந்த யோசனைப்படி வந்த ஒரு வடிவமும் கடைசி மூன்றில் ஒன்றாக இருந்தது என்பதால் சொல்கிறேன்.

குறிப்பின் முடிவில் ஒரு சின்னக் கோட்டுப்படம்: சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று செங்குத்துப் பட்டைகள், வெள்ளையில் ஒரே ஒரு சிவப்பு மேப்பிள் இலை. ஸ்டான்லிக்கு இந்தப் பட்டைகள் எங்கிருந்து கிடைத்தன என்பதில் மர்மம் ஏதும் இல்லை. அவர் வேலை பார்த்த கல்லூரியின் மெக்கன்சி கட்டடத்து உச்சியில் தினமும் பறந்ததே அப்படிப்பட்ட கொடிதான். அதன் வெள்ளை நடுவில் கல்லூரியின் சின்னம்: இரும்புக் கவசக் கை ஒன்று மூன்று மேப்பிள் இலைகளைப் பிடித்திருக்கும். கிங்ஸ்டனுக்கு வந்த மேதிசனுக்கு அந்தக் கொடியைக் காட்டித்தான் ஸ்டான்லி தன் யோசனையைச் சொன்னார். கையை எடுத்துவிட்டு, மூன்று இலையை ஒன்றாக்கினால் முடிந்தது.

15 பேர், ஆறு வாரம்

குழுவில் 7 லிபரல்கள், 5 கன்சர்வேட்டிவ்கள், மூன்று சிறு கட்சிகளுக்கு ஆளுக்கொருவர். தலைவர் நியூஃபவுண்ட்லாந்து லிபரல் ஹெர்மன் பேட்டன். பொதுமக்களிடமிருந்து வடிவங்கள் குவிந்தன. 3,541 வடிவங்களின் கணக்கு இருக்கிறது: 2,136இல் மேப்பிள் இலை, 408இல் யூனியன் ஜாக், 389இல் பீவர் என்ற நீர்ப்பிராணி, 359இல் அல்லிமலர். ஒரே படத்தில் இரண்டு மூன்று சின்னங்களையும் சேர்த்துத் திணித்தவர்கள் உண்டு.

இந்த எண்களை ஒரு நிமிடம் பாருங்கள். குழு எந்த முடிவுக்கும் வருவதற்கு முன்பே பொதுமக்கள் இலையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். யூனியன் ஜாக்கை வைத்து அனுப்பியவர்கள் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. நாடாளுமன்றத்துக்குள் கேட்ட சத்தத்தையும் தபாலில் வந்த படங்களையும் ஒப்பிட்டால், சத்தம் போட்டவர்களின் அளவு உண்மையில் எவ்வளவு என்று புரியும். படம் அனுப்புகிறவர்கள் மாற்றம் வேண்டுமென்று நினைப்பவர்களாகத்தான் இருப்பார்கள், பழைய கொடியே போதும் என்பவர்கள் எதற்கு வரைந்து அனுப்பப் போகிறார்கள் என்ற ஆட்சேபமும் சரிதான்.

குழு அறையின் சுவரெங்கும் வடிவங்களை மாட்டி வைத்து ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். ஸ்டான்லியின் வடிவத்தை மேதிசன் கடைசி நேரத்தில்தான் சுவரில் சேர்த்தார். அக்டோபர் 22 அன்று இறுதிச் சுற்று. ஒரு பக்கம் பிரதமரின் மூன்று இலை, இன்னொரு பக்கம் ஒற்றை இலை.

இங்கேதான் பிரபலமான அந்த ஓட்டுக் கணக்கு. லிபரல்கள் தங்கள் பிரதமரின் கொடிக்குத்தான் போடுவார்கள் என்று கன்சர்வேட்டிவ்கள் நினைத்தார்கள். நாம் ஒற்றை இலைக்குப் போட்டால் பியர்சனின் கொடி தோற்கும், குழுவும் இரண்டாகப் பிளந்து நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் லிபரல்களும் பியர்சனின் கொடியைக் கைவிட்டு ஒற்றை இலைக்கே போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் 14க்கு 0. மூக்கறுபட்டவர்கள் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

கதையாகக் கேட்க ருசியாக இருக்கிறது, அதனாலேயே எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். தந்திரத்துக்காகவாவது ஒரு கன்சர்வேட்டிவ் உறுப்பினர் கை நீட்டி ஓட்டுப் போடக்கூடிய வடிவமாக அது இருந்தது. அதில் அவருக்கு அருவருப்பான எதுவும் இல்லை. நீலம் இல்லை, பியர்சனின் பெயர் இல்லை, அல்லிமலர் இல்லை. தொகுதியில் போய்ச் சமாளிக்க முடியாத கொடிக்கு யாரும் விளையாட்டுக்காகக்கூட ஓட்டுப் போடமாட்டார்கள். ஸ்டான்லி மார்ச் மாதம் எடுத்து வெளியே வைத்தவை அக்டோபரில் உதவின.

இலை, சிவப்பு, தையல்

குழு தேர்ந்தெடுத்தது ஒரு வடிவத்தைத்தான். அதை இன்னும் கொடியாக்க வேண்டியிருந்தது. கனடிய அரசின் பொருட்காட்சி ஆணையத்தில் இருந்த ஓவியர்களிடம் வேலை போனது. பேட்ரிக் ரீட் பொறுப்பேற்றிருந்தார். இலையை இறுதியாக வரைந்தவர் ஜாக் சான்-சீர் என்ற ஓவியர்.

உண்மையான சர்க்கரை மேப்பிள் இலையைக் கையில் எடுத்தால் விளிம்பெல்லாம் பல் பல்லாக இருக்கும். கூர்முனைகள் இருபதைத் தாண்டும். காகிதத்தில் அது அழகு. கம்பத்தில் ஏற்றி, காற்றடித்து, தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் கலங்கி ஒரு சிவப்புக் கறையாகத் தெரியும். காற்றுச் சுரங்கச் சோதனைகளில் வெவ்வேறு இலைகளைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். துணி அலையும்போது கண்ணுக்கு முனைகள் கூடுதலாகத் தெரியும் என்பதால் வரையும்போது குறைக்க வேண்டும். 13 முனை இலை 11 முனையாயிற்று. பலமான காற்றிலும் மங்காமல் நின்றது அதுதான். 11 என்ற எண்ணுக்கு மாகாணக் கணக்கு, அது இது என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு எந்தக் குறியீட்டுப் பொருளும் கிடையாது.

அளவும் கவனிக்கத்தக்கது. உயரம் ஒன்று என்றால் நீளம் இரண்டு. பட்டைகளைச் சம அகலத்தில் பிரித்திருந்தால் இலைக்கு இடம் நெருக்கமாகியிருக்கும். பெரு நாட்டுக் கொடியின் சாயலும் வந்திருக்கும், அதுவும் சிவப்பு-வெள்ளை-சிவப்புதான். ஆகவே ஓரப் பட்டைகள் நீளத்தில் கால் பங்கு வீதம், நடு வெள்ளை பாதி. அதாவது நடுவில் ஒரு முழுச் சதுரம். கொடியியல்காரர்கள் இந்த அமைப்புக்குக் கனடாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதன் பிறகு வேறு கொடிகளும் இதைக் கடன் வாங்கின.

சிவப்பும் லேசில் முடியவில்லை. 'சிவப்பு' என்று எழுதி அனுப்பினால் ஒவ்வொரு சாயப்பட்டறையும் ஒவ்வொரு சிவப்பைத் தரும். தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த குன்ட்டர் விஸெக்கி, ஜெர்மனியில் பிறந்த நிறவியல் விஞ்ஞானி, கொடிக்கான சிவப்பை அளவீடுகளாக வரையறுத்துக் கொடுத்தார்.

அப்புறம் தையல். 1964 நவம்பர் 6, வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை தன் ஹாரிங்டன் ஏரி இல்லத்தில் மாதிரிக் கொடிகள் பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று பிரதமர் சொல்லிவிட்டார். ஆணையத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்ய ஆள் இருந்தது, தைக்க ஆள் இல்லை. கொள்முதல் பிரிவு அதிகாரி கென் டோனவன் தன் மகள் ஜோன் ஓமாலியைக் கூப்பிட்டார். இருபது வயதுப் பெண். தையல் அவருடைய தொழில் இல்லை; தனக்குத் துணி தைக்க வீட்டில் ஒரு மிஷின் வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு இரவோடு அலுவலகத்துக்கு வந்தார். பாவாடை சட்டை தைக்கிற மிஷினில் கனத்த கொடித் துணியை மடித்து ஓட்டுவது சுலபமில்லை என்று தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசிச் சுற்று வடிவங்களின் மாதிரிகள் அன்றிரவே தயாராகிப் பிரதமரின் இல்லத்துக்குப் போயின. ஒரு நாட்டின் முதல் மேப்பிள் கொடியைத் தைத்தவர் என்று அந்தப் பெண்ணைப் பிற்காலத்தில் நாடே கொண்டாடியது.

நள்ளிரவு தாண்டி

குழு அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்ததும் டீஃபன்பேக்கர் தளரவில்லை. நவம்பர் 30இல் மறுபடி விவாதம். மொத்தத்தில் 250க்கும் மேற்பட்ட பேச்சுகள். திருப்பம் அவருடைய கட்சிக்குள்ளிருந்தே வந்தது. கியூபெக்கைச் சேர்ந்த கன்சர்வேட்டிவ் தலைவர் லியோன் பால்சே, விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள் என்று ஆளும் கட்சிக்கே யோசனை சொன்னார். லிபரல்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டிசம்பர் 15 அதிகாலை 2 மணி தாண்டி வாக்கெடுப்பு: ஆதரவு 163, எதிர்ப்பு 78. முடிந்ததும் உறுப்பினர்கள் கனடா வாழ்த்தையும் பாடினார்கள், பிரிட்டிஷ் அரசி வாழ்த்தையும் பாடினார்கள். 17ஆம் தேதி செனட் ஒப்புக்கொண்டது. மறுநாள் இன்னொரு தீர்மானம்: காமன்வெல்த் உறவின் அடையாளமாக யூனியன் ஜாக்கும் குறிப்பிட்ட நாட்களில் பறக்கலாம். தோற்றவர்களுக்கு இப்படி ஒரு கதவைத் திறந்துவைத்தது நல்ல ராஜதந்திரம் என்றே படுகிறது.

இந்தக் கொடிக்குத் தனிச் சட்டம் போடவில்லை. நாடாளுமன்றத் தீர்மானங்களின் மேல் 1965 ஜனவரி 28 அன்று எலிசபெத் அரசி பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பிப்ரவரி 15 நண்பகலில் ஒட்டாவா நாடாளுமன்றக் குன்றில் ரெட் என்சைன் இறங்கியது, மேப்பிள் இலை ஏறியது. டீஃபன்பேக்கரின் கண் கலங்கியிருந்தது. 1979இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியின் மேல் இரண்டு கொடிகளும் இருந்தன.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

கியூபெக்கைச் சமாதானப்படுத்தத்தான் கொடி என்றால், அந்த நோக்கம் நிறைவேறவில்லை. 1976இல் அங்கே பிரிவினைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1980இல் ஒரு வாக்கெடுப்பு. 1995இல் இன்னொன்று, அதில் பிரிய வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம் மட்டுமே. கொடியால் ஆகிற காரியம் அது இல்லை என்று விட்டுவிடலாம். வெளிநாட்டில் யாரோ என்று தவறாக நினைக்கப்படும் சூயஸ் சிக்கல் மட்டும் ஒரேயடியாகத் தீர்ந்தது.

பெரிய குறை ஒன்று உண்டு. 'நாட்டை நிறுவிய இரண்டு இனங்கள்' என்று ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் சொல்லி மணிக்கணக்கில் விவாதித்த அந்த அவையில், அந்த நிலத்தில் அவர்களுக்கு முன்பிருந்தே வாழ்கிற பூர்வகுடி மக்களின் இடம் என்ன என்பது பேசுபொருளே ஆகவில்லை. லூயி ரியலைப் படித்த ஒரு பேராசிரியர் யோசனை கொடுத்தும் அப்படி. யாருடைய இனச் சின்னமும் வேண்டாம் என்ற ஸ்டான்லியின் விதி அவர்களை ஒதுக்கவில்லை, கலந்துபேசவும் இல்லை.

அந்த விதியின் பலன் வேறொரு பக்கம் வந்தது. 1980களில் தொடங்கி இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் உட்பட, ஆங்கிலேயரும் அல்லாத பிரெஞ்சுக்காரரும் அல்லாத லட்சக்கணக்கானவர்கள் அந்த இலைக்கு முன் நின்று குடியுரிமை உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள். 1964இல் அவர்களை மனதில் வைத்து யாரும் வரையவில்லை. யூனியன் ஜாக்கும் அல்லிமலரும் அருகருகே வைத்த அந்த மூன்றாவது வடிவம் ஜெயித்திருந்தால், வீட்டுக்காரர் இருவரின் பெயர்ப்பலகைக்குக் கீழே வாடகைக்கு நிற்பது போல இருந்திருக்கும்.

டீஃபன்பேக்கர் பக்கம் நின்றவர்களும் முழுசாகத் தோற்கவில்லை. தேசியக் கொடியாக ரெட் என்சைன் இறங்கிய அதே 1965 மே மாதம் ஒன்டாரியோ மாகாணம் தன் கேடயத்தை வைத்து அதே அமைப்பைத் தன் மாகாணக் கொடியாக்கிக்கொண்டது. 1966 மே மாதம் மனிடோபாவும் அப்படியே செய்தது. ஆகவே டொரொன்டோவில் அரசுக் கட்டடங்களின் முன் இன்றும் இரண்டு கொடிகள் சேர்ந்து பறக்கின்றன: ஒன்றில் இலை, இன்னொன்றின் மூலையில் யூனியன் ஜாக். ஒன்டாரியோ கொடியையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. இதுவரை எந்த மாகாண அரசும் அதில் கை வைக்கவில்லை.